நான்கு மூன்றாம் குறுக்குத் தெருக்கள்

காலை ஆறு நாற்பது ரயில் போனால் ஊரில் பாதி காலி. ஏழு பத்து ரயில் மிச்சம் மீதியையும் வழித்து எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஊரில் இருப்பவர்கள் கைக்குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கட்டட வேலைக்காரர்கள், நிழல் தேடி அலையும் நாய்கள். ஒன்பதரை மணிக்கு இவர்களோடு தபாலம்மாவும் சேர்ந்துகொள்வாள்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலையில்லை. இருபத்து மூன்று வயதில் காக்கிப் பையைத் தோளில் மாட்டிய நாளிலிருந்து ஊருக்கு அவள் தபாலம்மாதான். மகளின் பள்ளிக்கூடத்தில்கூட, "தபாலம்மா பொண்ணு எங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரில் இருந்தது இரண்டே தெரு, நூற்றுத் தொண்ணூறு வீடு. ஒரு நாளைக்கு ஏழு கடிதம் வந்தால் அதிகம். பதினொரு மணிக்குள் வேலை முடிந்துவிடும். "அந்தக் காலத்துல ஊர் எவ்வளவு அமைதியா இருந்துச்சு" என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அமைதிதான், யார் இல்லையென்றது. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலித்ததுதான் அவளுக்கு ஞாபகம்.

பிறகு ரயில் பாதையை இரட்டையாக்கினார்கள். தலைநகரத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம் என்று ஆனதும், விளைச்சல் இல்லாமல் கிடந்த நிலமெல்லாம் மனைகளாயின. முதலில் ஸ்டேஷன் மனை. அடுத்து தண்ணீர்த்தொட்டி மனை. அப்புறம் ஏரிக்கரை மனை, கடைசியாக நெடுஞ்சாலைப் பக்கம் செங்கல் சூளை மனை. இவையெல்லாம் ஊரார் வைத்துக்கொண்ட பெயர்கள். விளம்பரத்தில் நான்கு வியாபாரிகளும் நான்குக்கும் ஏதோ ஒரு 'கார்டன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். செடி வைத்தவர் எவருமில்லை. நால்வரும் தனித்தனியாக வரைபடம் போட்டார்கள். ஒவ்வொருவரும் தெருவுக்கு ஒன்றிலிருந்து எண் கொடுத்தார்கள், வீட்டுக்கும் ஒன்றிலிருந்தே கொடுத்தார்கள். ஆக, ஊரில் நான்கு முதல் குறுக்குத் தெரு, நான்கு இரண்டாம் குறுக்குத் தெரு, நான்கு மூன்றாம் குறுக்குத் தெரு. மூன்றாம் குறுக்குத் தெரு ஒவ்வொன்றிலும் ஒரு பதினேழாம் எண் வீடு.

புதிதாகக் குடி வருகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. அவர்களுக்கு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரத் தெரியும், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகத் தெரியும். அது போதும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றவர்கள் சாமான் கொண்டுவரும் லாரிக்காரர்களும் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்களும்தான். அவர்கள் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் விசாரிப்பார்கள். டீக்கடைக்காரர் விலாசத்தைப் படித்துக்கூடப் பார்க்க மாட்டார். அவர் கடைச் சுவரில் கரியால் ஒரு போன் நம்பர் எழுதி வைத்திருந்தார். "தபாலம்மாவுக்குப் போடுங்க. அது சொல்லும்."

தபாலம்மாவும் சொல்வாள். ஸ்கூட்டரை ஓரம் கட்டி, பையை முன்னால் நகர்த்திக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வழி சொல்வாள். எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. எல்லாம் மண்டைக்குள்ளேயே இருந்தது. ஒரு வீட்டை அவள் நினைவு வைத்துக்கொள்வது அங்கே வரும் தபாலை வைத்து. பாஸ்போர்ட் வந்த வீடு, மாதம் தவறாமல் கண் மருத்துவமனைக் கடிதம் வரும் வீடு, கோர்ட் நோட்டீசை மூன்று முறை திருப்பி அனுப்பிய வீடு, செடி விதைகள் தபாலில் வரவழைத்து ஒன்றுகூட முளைக்காத வீடு.

பதிவுத் தபால்தான் அவளைப் பாடாய்ப் படுத்தும். கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது. கையெழுத்துப் போடவேண்டியவரோ பகலில் வீட்டில் இருப்பது குதிரைக் கொம்பு. மூன்று நாள் அலைந்துவிட்டுத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வராது. அதனால் வீடு திரும்பிய பிறகும், மாலை ஆறே முக்கால் ரயில் வரும் நேரத்துக்கு மறுபடி கிளம்பிப் பிளாட்பாரத்தில் போய் நின்றுவிடுவாள். இறங்கி வரும் கூட்டத்தில் சரியாக ஆளைப் பிடித்து, பேனாவை நீட்டி, முதுகுப் பையையே மேசையாக்கிக் கையெழுத்து வாங்கிவிடுவாள். ஒருமுறை ஒருத்தருக்கு வேலை நியமனக் கடிதத்தை இப்படிக் கொடுத்தபோது, அவர் அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்து நின்று அழுதார். அவர் கைக்குட்டையை எடுக்கும்வரை தபாலம்மா அவருடைய டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய வீட்டுக்காரர் கொத்தனார். நான்கு மனைகளிலும் சேர்த்து இருநூறு வீட்டுக்கு மேல் அவர் கை பட்டிருக்கும். இருவரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஊரைப் பற்றித்தான் பேச்சு. அவள் ஒரு வீட்டின் தபாலைச் சொல்வாள், அவர் அந்த வீட்டின் அஸ்திவாரத்தைச் சொல்வார்.

"ஏம்மா, நீ வெளிய இருந்து பாக்குற, நான் உள்ள இருந்து பாத்தேன். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தா எந்த வீட்லயும் திருடலாம்" என்பார் கொத்தனார்.

"முதல்ல நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறத நிறுத்துங்க. அப்புறம் திருடப் போவோம்" என்பாள் அவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பகல் பன்னிரண்டே கால். தபாலம்மா தண்ணீர்த்தொட்டி மனையில் ஒரு வீட்டுக் கேட்டில் மின்வாரியக் கடிதத்தைச் செருகிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர். வழக்கம்போல ஏதாவது சிலிண்டராக இருக்கும் என்று எடுத்தாள்.

"அக்கா, நான் ஆம்புலன்ஸ் டிரைவர். டீக்கடையில உங்க நம்பர் குடுத்தாங்க. மூணாவது குறுக்குத் தெரு, பதினேழு. ரெண்டு பதினேழு பாத்துட்டேன். ரெண்டும் பூட்டிக் கெடக்கு."

"எந்த மனை?"

"அது சொல்லலக்கா. கர்ப்பிணின்னு மட்டும் சொன்னாங்க. போன் பண்ணது வீட்டுக்காரர், சிட்டில ஆபீஸ்ல இருக்காரு. வலின்னு அவருக்குப் போன் பண்ண அந்தம்மா இப்ப போன் எடுக்கலயாம்."

தபாலம்மா அந்தக் கணவனின் நம்பரை வாங்கிக்கொண்டு உடனே போட்டாள். ஒரே மணியில் எடுத்தான். பின்னால் ரயில் நிலைய ஒலிபெருக்கிச் சத்தம். அவன் ஓடிக்கொண்டே பேசினான்.

"தம்பி, நான் உங்க ஊர்த் தபால்காரி. உங்க வீடு எந்த மனையில இருக்கு?"

"கார்டன்... கார்டன்னு போட்டிருக்கும்."

"எல்லாமே கார்டன்தான் தம்பி. ஸ்டேஷன்ல இருந்து எப்படிப் போவீங்க?"

"பைக்ல. நேராப் போய் லெஃப்ட். அப்புறம் ரைட். அப்புறம் ஒரு பள்ளம் வரும். பள்ளம் தாண்டி ரைட்."

"எல்லா மனையிலயும் பள்ளம் இருக்கு. வீட்டுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"தெரியலங்க. நாங்க வந்து மூணு மாசம்தான் ஆகுது. நான் கிளம்பும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஞாயித்துக்கிழமை தூங்கிடுவேன்." அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. தன் வீட்டுக்குத் தனக்கே வழி தெரியவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவனுக்கு உறைத்தது போலும்.

தபாலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, அதை விடுங்க. உங்க வீட்டுக்கு என்ன தபால் வரும்? யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வராது. அவளுக்குத்தான் வரும். அஞ்சல் வழியில கணக்குல எம்.எஸ்ஸி படிக்கிறா. பாடப் புத்தகம் வரும், பெரிய கவர்ல..."

"போதும் தம்பி. நீங்க வீட்டுக்கு வராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

அந்தப் பழுப்புக் கவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். தபால் பெட்டிக்குள் நுழையாது, கதவைத் தட்டித்தான் கொடுக்க வேண்டும். கதவைத் திறக்கும் பெண் ஒவ்வொரு முறையும் கவரைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்து, "இந்தத் தடவையும் கொல்லப் போறானுங்க" என்று சிரிப்பாள். போன மாதம் கவர் கொடுத்தபோது தபாலம்மா அவள் வயிற்றைப் பார்த்து, "பரீட்சைக்கு ரெண்டு பேரா போவீங்க போல" என்று சொல்லியிருந்தாள். செங்கல் சூளை மனை, பச்சை கேட்.

டிரைவரைக் கூப்பிட்டாள். "தம்பி, வண்டியத் திருப்பி ஹைவேக்கே போங்க. ஊருக்குள்ள பூந்து வராதீங்க, சந்துல மாட்டிக்குவீங்க. ஹைவேயில சூளையோட புகைபோக்கி தெரியும். அத வலது கைப் பக்கம் வச்சுக்கிட்டு மண் ரோட்டுல எறங்குங்க. நான் முன்னாடி நிப்பேன்."

ஏழு நிமிடத்தில் அவள் பச்சை கேட்டுக்கு முன்னால் இருந்தாள். தெருவில் இருபது வீடு, ஒன்றிலும் ஆள் இல்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் பூட்டு. முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். "அம்மாடி" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து மெல்லிய முனகல் மட்டும் வந்தது. கதவு நல்ல தேக்கு. அதை அசைக்க அவளால் ஆகாது.

கொத்தனாருக்குப் போன் போட்டாள். அவர் ஏரிக்கரையில் எங்கோ சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, சூளை மனை, மூணாவது குறுக்கு, பதினேழு. உள்ள ஒரு பொண்ணு விழுந்து கெடக்கு. முன்கதவு திறக்கல."

"மாடிப்படி வெளிய வச்ச வீடுதான?"

"ஆமா."

"பின்னாடி போ. சமையல்கட்டுக் கதவு. கீழ்க்கீல்ல ஆணி பாதிதான் எறங்கியிருக்கும். அப்பவே சொன்னேன், ஓனர் கேக்கல. கீழ் மூலையில தோளக் குடுத்து ஒரு இடி இடி. வந்துரும்."

ஒரு இடியில் வரவில்லை. மூன்றாவது இடியில் கீல் கழன்று கதவு கோணலாகச் சாய்ந்தது. அந்தத் தோள்பட்டை ஒரு வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அந்தப் பெண் குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். பனிக்குடம் உடைந்திருந்தது, கொஞ்சம் ரத்தமும் இருந்தது. போன் சுவரோரம் எட்டாத தூரத்தில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, அவளுடைய அம்மா அடுத்த திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தார்கள்.

தபாலம்மாவைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கவர் வந்திருக்கா?"

"இல்லம்மா. இன்னிக்குக் கவர் இல்ல, நான் மட்டும்தான்" என்றாள் தபாலம்மா. அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இடுப்பை ஒரு கையால் தாங்கி, மறு கையை நீட்டி, "என் கையப் புடிச்சுக்கோ, எவ்வளவு வேணும்னாலும் நசுக்கு" என்றாள். அந்தப் பெண் நசுக்கினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். பெண் கையை விடவில்லை, அதனால் தபாலம்மாவும் ஏறினாள். பை தோளிலேயே தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிடம். வழியெல்லாம் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு எண்களை எண்ணினாள், ஏழேழாக. வலி வரும்போது எண்ணிக்கை வேகமாகும். இருநூற்று எழுபத்து மூன்றில் ஆஸ்பத்திரி வாசல் வந்தது. இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் குறையில்லை. தாய்க்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார்.

கணவன் மூன்று மணிக்கு வந்தான், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வராந்தாவில் காக்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான். அவளை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூன்று மாதமாகத் தன் வாசலுக்கு வந்துபோன ஆள் என்று தெரியாமல், "அக்கா, பிரசவ வார்டு எங்க?" என்று அவளிடமே வழி கேட்டான்.

"நேராப் போய் லெஃப்ட். பள்ளம் ஒண்ணும் இல்ல" என்றாள் தபாலம்மா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்றைக்கு அவள் பையில் நாற்பத்திரண்டு தபால் மிச்சமாகிவிட்டன. இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஆனது அதுவே முதல் தடவை. மறுநாள் பக்கத்து டவுன் தபால் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது: பட்டுவாடா செய்யாத காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும். மகள் ஆபீசிலிருந்து வந்து, ஒரு பக்கம் டைப் அடித்துத் தருவதாகச் சொன்னாள். தபாலம்மா வேண்டாமென்று, தானே பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினாள்: "முகவரிதாரர் ஒருவர் ஆபத்தில் இருந்ததால் மற்ற முகவரிதாரர்கள் ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தது."

டவுனுக்கு அவளே எடுத்துப்போய்க் கொடுத்ததும், போஸ்ட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். அவர் கண்டிப்பான மனிதர், ஆனால் மனிதர். காகிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டுக் கேட்டார், "உங்க ஊர்ல இப்ப எத்தனை வீடு இருக்கும்மா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் சார். கட்டிக்கிட்டிருக்கிறதச் சேக்காம."

"ரெக்கார்டுல அறுநூத்திப் பன்னெண்டுன்னு இருக்கு."

"அது எவ்வளவோ வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதிக் குடுத்தது சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விலாசம் ஒழுங்கா இருந்தாத்தான் நான் மேல எழுத முடியும்" என்றார்.

தபாலம்மா அங்கிருந்து நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். தலைவரிடம் தாழ்ந்த குரலில் பத்து நிமிடம் பேசினாள். தலைவர் தலையைச் சொறிந்தார். நான்கு மனைகளுக்கும் நான்கு சங்கம். எண்ணை மாற்றலாம் என்று அவர் போன வருடம் வாயைத் திறந்ததற்கே நான்கு பேரும் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். "நீயே வந்து பேசும்மா. உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷன் மனைக்கு ஓய்வு பெற்ற மேனேஜர், தண்ணீர்த்தொட்டி மனைக்கு மருந்துக்கடைக்காரர், ஏரிக்கரை மனைக்கு ஒரு டீச்சர், சூளை மனைக்குத் தண்ணீர் லாரிக்காரர். தலைவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"நாங்கதான் முதல்ல வந்தோம். முதல் தெரு எங்களுதுதான்" என்றார் மேனேஜர்.

"முதல்ல வந்தது சரி. முதல்ல பட்டா வாங்குனது நாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எல்லாம் மாத்துங்க, எங்க நம்பர மட்டும் தொடாதீங்க. இப்பத்தான் புது லெட்டர்பேடு அடிச்சோம்" என்றார் டீச்சர்.

தண்ணீர் லாரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். சூளை மனைக்குச் சாலை கடைசி, விளக்கு கடைசி. கடைசி எண்ணும் தங்கள் தலையில்தான் விழும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

கொஞ்ச நேரம் கத்த விட்டுவிட்டு, தபாலம்மா எழுந்து நால்வருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தாள்.

"ஒரு சின்ன உதவி. ஹைவேயில இருந்து உங்க வீட்டுக்கு எப்படி வரணும்னு எழுதுங்க. ஆம்புலன்ஸ்காரர் ஊருக்குப் புதுசு, அவருக்கு எழுதுற மாதிரி எழுதுங்க."

பரீட்சை எழுதுவதுபோல நான்கு பேரும் குனிந்தார்கள். மேனேஜர் இரண்டு முறை அடித்து அடித்து எழுதினார். ஐந்து நிமிடம் கழித்து அவள் தாள்களை வாங்கி உரக்கப் படித்தாள்.

மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தது: "மஞ்சள் வீட்டுக்கு அடுத்த திருப்பம்." அந்த மஞ்சள் வீடு நீலமாகி எட்டு மாதம் ஆகிறது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார். டீச்சர் எழுதியிருந்தது: "கறுப்பு நாய் படுத்திருக்கும் இடத்தில் இடது பக்கம்." நாய் இப்போது எங்கள் தெருவில்தான் படுக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். மேனேஜர் ஸ்டேஷனிலிருந்து வழி எழுதியிருந்தார். ஹைவேயிலிருந்து வந்து அவருக்குப் பழக்கமே இல்லை. தண்ணீர் லாரிக்காரருடைய தாளில் மட்டும் எல்லாத் திருப்பமும் சரியாக இருந்தது. ஆனால் அது லாரி போகும் வழி, வீட்டு வாசலுக்கு முந்நூறு அடி முன்பே நின்றுவிட்டது.

பெஞ்சுகள் குலுங்கச் சிரித்தார்கள். டீச்சர்தான் முதலில் சிரித்தவர்.

சிரிப்பு அடங்கியதும் தபாலம்மா சொன்னாள், "அன்னிக்கு அந்த வண்டி இருபது நிமிஷம் சுத்திச்சு. எங்கிட்ட போன் வந்துச்சு, நான் எடுத்தேன். எனக்குக் காய்ச்சலா இருந்தா? நான் குளிச்சுக்கிட்டிருந்தா? ஒரு ஊரோட விலாசம் ஒருத்தி தலைக்குள்ள இருக்கலாமா?"

அவள் நான்கு தாள்களையும் மடித்துத் தலைவரிடம் கொடுத்தாள்.

"அறுபத்தோரு தெருவுக்கும் நேர் வரிசையா நம்பர் போடுவோம். ஆபத்துக்கு வர்ற வண்டியெல்லாம் ஹைவே பக்கம் இருந்துதான் வருது. அதனால ஒண்ணாம் நம்பர் சூளை மனையில இருந்து ஆரம்பிக்கட்டும்."

தண்ணீர் லாரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் காதில் விழுந்தது சரிதானா என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். மேனேஜர் முகம் சுண்டிப்போனது.

"அப்ப என் தெரு அறுபத்தொண்ணா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எந்த லிஸ்டுலயும் கடைசியா இருந்ததில்ல."

"ஐயா, ஸ்டேஷன்ல எறங்குற ஆளுக்கு நீங்கதான் முதல். எந்தப் பக்கம் இருந்து எண்ணுறோம்ங்கிறதுதான் விஷயம்."

மேனேஜர் அதற்கு மேல் வாதாடவில்லை, சம்மதம் என்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது, "போர்டுல எழுத்தாவது பெருசாப் போடச் சொல்லுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். தலைவர் அதையே சம்மதமாக எழுதிக்கொண்டார்.

பலகை எழுதி நட்டு முடிக்க மூன்று மாதம் ஆனது. கம்பங்களுக்குக் குழி தோண்டிச் சிமெண்ட் போட்டவர் கொத்தனார். அறுபத்தோராம் தெருக் கம்பத்தை நடும்போது மேனேஜர் வந்து நின்று, அது ஒரு நூல் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். கொத்தனார் தூக்குக்குண்டு வைத்துக் காட்டினார். சாய்ந்துதான் இருந்தது. பேசாமல் பிடுங்கி மறுபடி நட்டார். அன்று ராத்திரி வீட்டில், "கடைசித் தெருதான் ஊர்லயே நேரான தெரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் தபாலம்மா எதிர்பார்க்காதது. போன் அடிப்பது நின்றுபோனது. லாரிக்காரர்களும் சிலிண்டர்காரர்களும் பலகையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். டீக்கடைக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், அவள் நம்பரும் அதோடு போயிற்று. அவள் வண்டி ஓட்டும்போதே அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். சிக்னல் இருந்தது, சார்ஜும் இருந்தது.

"என்னம்மா, பதவி போயிருச்சா?" என்றார் கொத்தனார்.

"உங்களுக்கு வேற வேலை இல்ல?" என்றாள். ஆனால் அவர் கேட்டது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நல்லது நடந்திருக்கிறது, அதைக் கேட்டதும் தான்தான், பிறகு ஏன் மனசு இப்படிக் குறுகுறுக்கிறது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. போஸ்ட்மாஸ்டர் சொன்னபடி மேலே எழுதியிருந்தார். விலாசம் ஒழுங்கானதால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வீடும் காகிதத்தில் ஏறின. அத்தனை வீட்டுக்கு ஒரு ஆள் போதாது என்று இன்னொருவரை நியமித்தார்கள். ஊரை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதி வேண்டும் என்று முதலில் அவளைக் கேட்டார்கள்.

நான்கு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் பாதியைச் சொன்னாலும் மற்றப் பாதியைக் கைகழுவியதுபோல இருந்தது. கடைசியில் சூளை மனையும் ஏரிக்கரையும் தனக்கு என்றாள். ஸ்டேஷன் பக்கம் கடைகண்ணி இருக்கிறது, பகலில் யாராவது நடமாடுவார்கள். தூரத்துப் பாதியில்தான் பகலில் ஒரு ஈ காக்கை இருக்காது.

புதிதாக வந்தவர் நடுத்தர வயதுக்காரர், டவுனில் தபால் பிரிக்கும் பிரிவிலேயே இருந்தவர், வெயில் படாத முகம், பெரிய தொப்பி. முதல் நாள் தபாலம்மா அவரோடு சுற்றி எல்லா வீட்டையும் சொல்லிக் கொடுக்கலாம் என்று சீக்கிரமே போய்க் காத்திருந்தாள்.

"வேண்டாம் மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம். போர்டு இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போய்விட்டார். தொப்பி தெருமுனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு அவளுக்கு வேலை ஒன்றரை மணிக்கு முடிந்துவிட்டது. கடைசித் தபாலைப் போட்டுவிட்டு, ஏரிக்கரை மனையின் ஒரு தெருவில், வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனால் அங்கே யாரும் இல்லை. மகள் ஆபீசில், அவர் சாரத்தின் மேல்.

"என்னக்கா, வண்டி கெட்டுப்போச்சா?" என்று ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண். ஒன்பது வருடமாக அவளுக்கு வெளிநாட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம் கொண்டுவந்து போடுகிறாள் தபாலம்மா. ஒன்பது வருடமாக அவளும், "உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்பாள். "இன்னொரு நாள்மா, இன்னும் இருநூறு வீடு இருக்கு" என்று தபாலம்மா போய்விடுவாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. டீ இருக்கா?" என்றாள் தபாலம்மா.

உள்ளே போனபோது அடுப்பின் சூடும் வெண்ணெய் வாசனையும் முகத்தில் அடித்தன. மேசையெங்கும் மாவு. அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேக்கிலிருந்து வெட்டி எடுத்த ஓரத் துண்டுகளை ஒரு தட்டில் வைத்தாள். தபாலம்மா தின்றுகொண்டே, பல வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அந்த நீலக் கவர் யார் எழுதுறது? கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"என் தங்கச்சி. போன்ல பேசிக்க மாட்டோம், சண்டை. லெட்டர் மட்டும் எழுதிக்குவோம்."

"ஒன்பது வருஷமாவா?"

"லெட்டர்ல சண்டையே வர்றதில்லக்கா" என்றாள் அவள். அதைத் தொடர்ந்து சண்டை எதனால் வந்தது என்று ஆரம்பித்து, தங்கையின் கல்யாணம், ஒரு தையல் மெஷின், செத்துப்போன அப்பா என்று போய், இரண்டாவது டீயும் வந்தது. உறையின் வெளிப்பக்கத்தை மட்டுமே இத்தனை காலம் பார்த்துவந்த தபாலம்மா, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விதைகள் முளைக்காத வீட்டுக்காரர் அவளை மாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டிகளைக் காட்டினார். அதற்கு மறுநாள் கண் மருத்துவமனைக் கடிதம் வரும் வீட்டில் ஒரு மணி நேரம். அந்த வாரம் முழுக்க இப்படியே போனது.

சனிக்கிழமை மாலை கொத்தனார் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, தபாலம்மா வண்டியை வாசலில் நிறுத்தினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகி இருபது நிமிடம்.

"ஏம்மா, வேலை பாதியாத்தான ஆச்சு? முன்னால எல்லாம் நாலு மணிக்கே வந்துருவியே."

"ஆமாங்க, பாதிதான். அதான் லேட்டாகுது" என்று சொல்லிவிட்டு, அவள் காலிப் பையை ஆணியில் மாட்டினாள்.